எரேமியா காணி வாங்கிய பாடம்: அட்டன் பக்கத்து தீர்க்கதரிசன வகுப்புக்குப் போகலாமா?

அட்டனிலிருந்து தலவாக்கலைப் பக்கம் போகும் வழியில், ஒரு தோட்டத்துச் சிற்றாலயத்தில் ஞாயிறு பின்னேரங்களில் வேதபாட வகுப்பு ஒன்று நடக்கிறது. பைபிளில் உள்ள தீர்க்கதரிசிகளின் புத்தகங்களை மட்டும் எடுத்துப் படிக்கிற வகுப்பு. ஒரு சுற்று முழுவதும் இருந்து முடித்துவிட்டேன், அடுத்த சுற்று தொடங்கப்போகிறது, போகலாமா என்று பலர் கேட்பதால் எழுதுகிறேன். போங்கள். கஷ்டத்தில் இருக்கிறவர்கள் என்றால் கட்டாயம் போங்கள். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன்.

ஆலயத்தின் பெயரையும் நடத்துகிறவரின் பெயரையும் போடவில்லை, அவர் அப்படிக் கேட்டுக்கொண்டார். அந்தப் பக்கத்தில் யாரிடமாவது "சேர் நடத்துற பைபிள் கிளாஸ்" என்றால் வழி காட்டுவார்கள். அவர் பாஸ்டர் இல்லை, ஓய்வுபெற்ற ஆசிரியர், வரலாறு படிப்பித்தவர். அது வகுப்பில் நன்றாகவே தெரிகிறது. ஒரு வசனத்தை எடுத்தால் அது யாருக்கு, எந்த வருசத்தில், எந்த ராஜா காலத்தில் சொல்லப்பட்டது என்று முதலில் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் மேலே போவார்.

கட்டணம் இல்லை. காணிக்கைப் பையும் சுற்றுவதில்லை. பாடக்குறிப்பை போட்டோகொப்பி எடுத்துத் தருகிறார்கள், இடையில் ஒரு பிளேன்டீ கிடைக்கும். சபை எது என்று கேட்பதில்லை. மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என்று எல்லாரும் வருகிறார்கள், பக்கத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து இந்து அக்கா ஒருவரும் தொடர்ந்து வந்தார்.

இப்படி ஒரு வகுப்பு ஏன் தேவைப்பட்டது என்று சொல்ல வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து போனபின் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலை எப்படி இறங்கியது என்று நமக்கெல்லாம் தெரியும். எத்தனையோ குடும்பங்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் ஆலயங்களிலும் பாய் விரித்துப் படுத்தார்கள். அந்த நேரத்தில்தான் தீர்க்கதரிசனக் கூட்டம் என்ற பெயரில் வேறு விதமான கூட்டங்களும் நடந்தன. அதில் ஒன்றுக்கு நான் போனேன், எது என்று சொல்லப்போவதில்லை. பெரிய படங்கள், மிருகங்கள், கொம்புகள், வருசக் கணக்குகள். புயலும் ஒரு அடையாளம், மண்சரிவும் ஒரு அடையாளம், இன்னும் கொஞ்ச காலம்தான், ஆயத்தமாகுங்கள் என்றார்கள். வீடு போனவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே மழை பெய்தால் தூங்க முடியாதவர்களை இன்னும் பயமுறுத்தித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னோடு வந்த ஒரு அக்கா, உலகமே முடியப்போகிறது என்றால் மகளை உயர்தரம் படிக்க வைப்பதில் என்ன இருக்கிறது என்று திரும்பி வரும் வழியில் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குத் தாங்கவில்லை.

சேர் முதல் வகுப்பிலேயே இந்த விசயத்தை எடுத்துவிட்டார், அதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவரைப் பின்பற்றியவர்கள் 1844 ஒக்டோபர் 22 அன்று இயேசு வருவார் என்று காத்திருந்ததையும், அதே நாட்டில் ஹெரால்ட் கெம்பிங் என்ற வானொலிப் பிரசங்கி 2011 மே 21 என்று நாள் குறித்ததையும், இரண்டு நாளும் சும்மா கடந்து போனதையும் சொன்னார். அப்புறம் மத்தேயு 24ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொல்லி, அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்ற வசனத்தை ஒரு பிள்ளையை விட்டு வாசிக்க வைத்தார். "இந்த வகுப்பில் நாள் குறிக்க மாட்டோம், அதற்கு வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போகலாம்" என்றார். யாரும் போகவில்லை.

முதலில் எடுத்தது ஆபகூக். மூன்றே அதிகாரம், ஆனால் நல்ல தெரிவு. ஏனென்றால் அந்தப் புத்தகம் முறைப்பாட்டோடு தொடங்குகிறது. ஆண்டவரே இன்னும் எவ்வளவு காலம், நான் கத்துகிறேன் நீர் கேட்கவில்லையே என்று ஒரு தீர்க்கதரிசியே கேட்கிறார். நம்முடைய ஜெபக்கூட்டங்களில் இப்படி யாராவது வாய் திறந்தால் விசுவாசம் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். சேர் அவசரப்படாமல் அந்த முறைப்பாட்டிலேயே எங்களை வெகுநேரம் இருக்க விட்டார். பிறகுதான் கடைசி அதிகாரத்துக்கு வந்தார், அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், தொழுவத்தில் மாடு இல்லாமற்போனாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்ற இடம். எல்லாருக்கும் மனப்பாடம்தான். ஆனால் இதை உங்கள் வாழ்க்கையில் உள்ள சாமான்களை வைத்து எழுதுங்கள் என்று ஒரு தாளைக் கொடுத்தார். 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபின் கொழுந்து குறைந்தது, 2022இல் மா விலை, மண்ணெண்ணெய் வரிசை, பால்மா இல்லாத கடை, பிறகு இந்தப் புயல், இதெல்லாம் அந்தத் தாள்களில் வந்தது. மலையில் கொழுந்து இல்லாமற்போனாலும், பிரட்டில் (காலையில் வேலைக்குப் பேர் பதிகிற இடம்) என் பேர் விழாமற்போனாலும், மா டின் காலியானாலும் என்று ஒரு அம்மா சொல்லச் சொல்ல அவருடைய பேத்தி எழுதினாள். வாசித்தபோது முன்னால் இருந்தவர்கள் அழுதார்கள். மகிழ்ச்சியாயிருப்பேன் என்ற வரியை மட்டும் அந்த அம்மா சொல்லவில்லை, இப்போதைக்கு வரவில்லை என்றார். சேர் வற்புறுத்தவில்லை, இடம் விட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இந்த வகுப்பின் குணம் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது எரேமியா. வகுப்பின் உயிரே இதுதான், இதற்காக மட்டும் வந்தாலும் போதும்.

எரேமியா 29:11ஐ நாங்கள் எல்லாரும் கலண்டரில் பார்த்திருக்கிறோம். உங்கள் பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்ற வசனம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வருவது. அதற்கு முன்னால் உள்ள வசனத்தை யாரும் கலண்டரில் போடுவதில்லை. பாபிலோனில் எழுபது வருசம் நிறைவேறினபின்பு உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்பதுதான் அது. எழுபது வருசம்! கடிதத்தைக் கையில் வாங்கினவர்களில் முக்கால்வாசிப்பேர் அதற்குள் மண்ணுக்குள் போயிருப்பார்கள். அதற்கும் முந்திய அதிகாரத்தில் அனனியா என்று இன்னொரு தீர்க்கதரிசி வருகிறார். அவர் இரண்டே வருசத்தில் எல்லாம் சரியாகிவிடும், பாபிலோன் ராஜாவின் நுகத்தை ஆண்டவர் முறித்துவிடுவார் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் அறிவித்தார், பாபிலோனுக்கு அடங்கியிருப்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டினார். சனங்களுக்கு யாருடைய பேச்சு பிடித்திருக்கும்? ஆனால் நடந்தது எரேமியா சொன்னது. அனனியா அந்த வருசமே இறந்துபோனார், எருசலேமும் ஆலயமும் கி.மு. 586 அளவில் இடிக்கப்பட்டன.

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து சேர் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. கஷ்டத்தில் இருக்கிறவனுக்கு சீக்கிரம் முடிந்துவிடும் என்று சொல்வது அன்பா, நீண்ட காலம் எடுக்கும் ஆனால் ஆண்டவர் விட்டுப்போக மாட்டார் என்று சொல்வது அன்பா? எழுபது வருசம் காத்திரு என்ற கடிதத்தில் சும்மா உட்கார்ந்திரு என்று எழுதவில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று எழுதியிருக்கிறது. உயர்தரம் படிக்க வைப்பதா என்று கேட்ட அந்த அக்காவுக்கு இதுதான் பதில் என்று எனக்குப் பட்டது. அவரையும் அடுத்த வாரத்திலிருந்து கூட்டிக்கொண்டு போனேன். மகள் படிக்கிறாள்.

பிறகு 32ஆம் அதிகாரம். எருசலேமைச் சுற்றி பாபிலோன் சேனை நிற்கிறது, எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். அப்போது பெரியப்பாவோ சித்தப்பாவோ பெற்ற பிள்ளை ஒருவர் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் காணியை வாங்கிக்கொள் என்கிறார். நாளைக்கு எதிரி கைக்குப் போகப்போகிற நிலம். எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். சாட்சிகள் கையெழுத்து வைக்கிறார்கள், பத்திரம் இரண்டு பிரதி, ஒன்று முத்திரை போட்டது, மற்றது திறந்தது. இரண்டையும் தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுத்து, வெகுகாலம் இருக்கும்படி மண்பாண்டத்தில் போட்டு வை என்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் வாங்கப்படும் என்பது ஆண்டவருடைய வாக்கு.

இதை மலையகத்தில் உட்கார்ந்து வாசிப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஐந்து ஆறு தலைமுறையாகத் தேயிலைக்குள் பிறந்து, தேயிலைக்குள் புதைக்கப்பட்டவர்கள் நாங்கள். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபிறகும் நிலம் அரசுடையது, நிர்வாகம் கம்பனியுடையது, லயத்துக் காம்பராவில் குடியிருக்கிறவர்களில் பெரும்பாலானோர் கையில் ஒரு தாள் இல்லை. ஏழு பேர்ச் அளவு காணி, தனி வீடு என்று எவ்வளவு காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். புயலுக்குப் பிறகு எங்கே குடியேற்றுவது, யாருடைய காணியில் என்ற கேள்வி மறுபடி வந்து நிற்கிறது. அப்படிப்பட்ட சனத்துக்கு நடுவில், கடவுளுடைய வாக்குக்கு அடையாளமாக ஒரு மனிதன் காணி உறுதி எழுதி பானைக்குள் போட்டு வைத்தான் என்று படிக்கும்போது யாருக்கும் பேச்சு வரவில்லை. ஒரு பெரியவர் மட்டும், அந்தக் காணியை எரேமியா கடைசியில் அனுபவித்தாரா என்று கேட்டார். இல்லை, அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அவர் காணிக்குத் திரும்பி வந்ததாக பைபிளில் இல்லை என்று சேர் உள்ளதைச் சொன்னார். பத்திரத்தை எழுதி முடித்த கையோடு எரேமியாவே குழம்பிப்போய், பட்டணம் கைவிட்டுப் போகிற நேரத்தில் நிலம் வாங்கச் சொன்னீரே என்று ஜெபித்த பகுதியையும் வாசித்தார். நம்பிக்கை உள்ளவனுக்குக் குழப்பம் வராது என்று யார் சொன்னது?

எழுபது வருசக் கணக்கையும் அவர் மறைக்கவில்லை. ஆலயம் இடிந்ததிலிருந்து மறுபடி கட்டி முடிந்த கி.மு. 516 வரை எண்ணினால் எழுபது வருகிறது, பாபிலோன் ஆதிக்கத்தின் தொடக்கத்திலிருந்து பாரசீக ராஜா கோரேஸ் வரை எண்ணினால் எழுபதுக்குக் கிட்ட வருகிறது, இரண்டு விதமாகவும் எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார். கோரேஸ் கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்ததையும், 1879இல் பாபிலோனில் தோண்டி எடுத்த அவனுடைய களிமண் உருளை இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருப்பதையும் சொன்னார். அந்த உருளையில் யூதர்களின் பெயர் இல்லை, ஆனால் சிதறடிக்கப்பட்ட சனங்களை அவரவர் இடங்களுக்குத் திருப்பி அனுப்பியதாக எழுதியிருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னார். இப்படி உள்ளதை உள்ளபடி சொல்கிறவர் சொல்லும் மற்றதையும் நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது.

என் பாட்டியின் நினைவு வந்தது அன்றைக்குத்தான். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு நாடற்றவர்களாகிப் போனவர்களில் அவரும் ஒருவர். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து அவருடைய அண்ணன் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது. மிச்சம் இருந்தவர்களுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து வருசம். அதைக் கேட்டுப் போராடிய எத்தனையோ பேர் அதைப் பார்க்காமலே போனார்கள். இது எரேமியாவின் வாக்கு நிறைவேறினது என்று நான் சொல்லவில்லை, சேரும் அப்படிச் சொல்ல விடமாட்டார், அந்த வாக்கு யூதாவுக்குச் சொன்னது. ஆனால் தாத்தா காலத்தில் கேட்டது பேரன் காலத்தில் கிடைக்கும் என்று நம்பி, அந்த இடைப்பட்ட காலத்தில் பீலித் தண்ணீருக்குப் பக்கத்தில் மரக்கறிப் பாத்தி போட்டு பிள்ளைகளைப் படிக்க வைத்த சனத்துக்கு அந்தக் கடிதம் நன்றாகவே புரியும்.

ஏசாயா பகுதியில் ஒரு சம்பவம். 54ஆம் அதிகாரத்தில் மலைகள் விலகினாலும், பர்வதங்கள் நிலைபெயர்ந்தாலும் என் கிருபை உன்னைவிட்டு விலகாது என்று வருகிறதே, அதை வாசித்து முடிக்கும்போது, மண்சரிவில் வீட்டையும் உறவையும் இழந்த ஒரு அக்கா, "மலை விலகத்தானே செஞ்சது சேர்" என்றார். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததைப் பார்த்த சனம் நாங்கள், அந்தச் சொல் எல்லாரையும் குத்தியது. இந்த மாதிரி இடத்தில் உடனே ஆறுதல் வசனம் நாலு எடுத்துவிடுவார்கள். சேர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு, அடுத்த வசனத்தை அவரையே வாசிக்கச் சொன்னார். சிறுமைப்பட்டவளே, பெருங்காற்றில் அடிபட்டவளே, தேற்றரவற்றவளே என்று அது தொடங்குகிறது. வசனம் யாரைக் கூப்பிடுகிறது என்று பார்த்தீர்களா அக்கா என்று மட்டும் கேட்டார். அன்றைக்குப் பாடம் அதோடு நின்றது, மற்றப் பெண்கள் அந்த அக்காவோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

கூலி விசயத்தையும் அவர் விடவில்லை. தன் அயலான் செய்யும் வேலைக்குக் கூலிகொடாமல் அவனைச் சும்மா வேலைகொள்ளுகிறவனுக்கு ஐயோ என்று எரேமியா 22இல் யோயாக்கீம் ராஜாவின் மாளிகையைப் பார்த்துச் சொன்னது, அவர்கள் கட்டுகிறதில் வேறொருவர் குடியிருப்பதில்லை, அவர்கள் நாட்டுகிறதில் வேறொருவர் கனி புசிப்பதில்லை என்று ஏசாயா 65இல் வரப்போகிற காலத்தைப் பற்றிச் சொன்னது, இரண்டையும் ஒரே நாளில் எடுத்தார். நாட்சம்பளம் 2021இல் ஆயிரம், 2024இல் 1,350 என்று ஏறுவதற்குள் எத்தனை ஆர்ப்பாட்டம் என்று பார்த்தவர்கள் அந்த வகுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தீர்க்கதரிசனம் என்றால் வானத்தைப் பார்க்கிறது மட்டுமே என்று நினைத்திருந்த இளம் பெடியன்கள் அதற்குப் பிறகுதான் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

சரி, குறைகள். எரேமியாவுக்கும் ஏசாயாவுக்கும் கொடுத்த நேரத்தில் பாதிகூட எசேக்கியேலுக்கும் தானியேலுக்கும் கொடுக்கவில்லை. உலர்ந்த எலும்புகள் பாடம் அருமை, ஆனால் தானியேல் 7 முதல் 12 வரை ஓட்டமாக ஓடிவிட்டார். நாள் குறிக்கிறவர்கள் பிடித்துத் தொங்குகிற அதிகாரங்களே அவைதான், அங்கே நின்று விளக்கியிருக்க வேண்டும். வெளிப்படுத்தின விசேஷமும் கடைசியில் அவசரமாக முடிந்தது, கண்ணீர் யாவையும் துடைப்பார் என்ற 21ஆம் அதிகாரம் மட்டும் நிதானமாகப் போனது. இதை அவரிடமே சொல்லிவிட்டேன், அடுத்த சுற்றில் தானியேலுக்குக் கூடுதல் வாரங்கள் ஒதுக்குவதாகச் சொன்னார்.

நேரம் இன்னொரு பிரச்சினை. கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற பெண்களுக்கு உடுப்புக் கழுவ, விறகு எடுக்க, பிள்ளைகளின் தலை வார ஞாயிறு ஒருநாள்தான் இருக்கிறது. பின்னேரம் மூன்று மணிக்கு வா என்றால் வருகிறார்கள், ஆனால் பாடம் இழுத்துக்கொண்டே போகும்போது அவர்களுடைய கண் கதவில் இருக்கிறது, இராச்சாப்பாடு யார் செய்வது? பாட்டு பாடுகிற நேரத்தைக் குறைத்து நேரத்துக்கு முடிக்க வேண்டும். வயதானவர்களுக்குப் பாயில் உட்கார முழங்கால் ஒத்துக்கொள்வதில்லை, கதிரைகள் போதாது. போட்டோகொப்பி பல இடங்களில் மங்கல், கண்ணாடி போட்டவர்களுக்கும் சிரமம்.

வர முடியாதவர்களுக்கு வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புகிறார்கள். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிற எங்கள் பிள்ளைகளும், வெளிநாட்டில் இருக்கிற சில தாய்மாரும் அதைத்தான் கேட்கிறார்கள். சேரின் பேச்சு தெளிவாக இருக்கிறது, ஆனால் மற்றவர்கள் கேட்கும் கேள்விகள் விழுவதில்லை, பாதி ருசி அதில்தான் இருக்கிறது. முடிந்தால் நேரில் போவதே நல்லது.

போகிறவர்கள் பைபிள், கொப்பி, குளிருக்கு ஒரு சுவெட்டர், திரும்பி வர டோர்ச் கொண்டு போங்கள். எந்த மொழிபெயர்ப்பும் பரவாயில்லை. ஞாயிறு மாலையில் பஸ் குறைவு, கடைசி பஸ் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, சேரிடமும் சொல்லிவிடுங்கள், அவர் கோபிக்க மாட்டார். ஆபகூக்கை வீட்டில் ஒருமுறை வாசித்துவிட்டுப் போனால் முதல் பாடம் சுலபமாகப் பிடிபடும். மழைக்காலத்தில் முன்பக்கமாக உட்காருங்கள், தகரக் கூரை, பின்னால் இருந்தால் ஒரு சொல்லும் கேட்காது.